வெட்டியும் அடங்காத கூச்சல்: ‘ஆட்டத்தின் விதி’ படத்துக்கு நடந்தது என்ன?

1939 ஜூலை 7 அன்று பாரீஸில், கொலிசே திரையரங்கில் ஒரு புதுப்படம் வெளியானது. பெயர் ‘ஆட்டத்தின் விதி’, இயக்கியவர் ழான் ரெனுவார். அன்றைய பிரெஞ்சு சினிமாவில் அவருக்கு இணையாகப் பெயர் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருடம் முன்பு வந்த அவருடைய போர்க்கைதிகள் கதை, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போயிருந்தது. ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுத்த படம் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. அதற்கு அடுத்த வருடம் வந்த ரயில் ஓட்டுநர் கதையும் நன்றாக ஓடியது. அப்படிப்பட்டவரின் அடுத்த படம் என்றால் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும்!

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூச்சல் கிளம்பியது. விசில் பறந்தது. பிரெஞ்சு அரங்குகளில் விசில் என்றால் பாராட்டு அல்ல, கண்டனம். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தி அரங்குக்கே தீ வைக்கப் பார்த்தார் என்று ரெனுவார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மூன்றே வாரத்தில் படம் அரங்கை விட்டுப் போனது. அக்டோபரில் அரசாங்கம் தடையே போட்டுவிட்டது.

அதே படத்தை 1972, 1982, 1992 ஆகிய மூன்று வருடங்களிலும் உலக விமர்சகர்கள் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களில் இரண்டாவது என்று தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்து வருடத்துக்கு ஒரு முறை நடத்தும் வாக்கெடுப்பு அது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “அன்றைய ஜனங்களுக்குப் புரியவில்லை, காலம்தான் நீதி வழங்கியது” என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கதையை நான் நம்பவில்லை. அது பார்வையாளர்களுக்கும் நியாயம் செய்வதில்லை, படத்துக்கும் நியாயம் செய்வதில்லை. இந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது, யார் எந்தப் பிரதியைப் பார்த்தார்கள், எதைப் பார்த்துக் கத்தினார்கள், அந்தக் கத்தலை வைத்துக்கொண்டு படத்தை எடுத்தவர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

சொந்தப் பணம், சொந்தப் பிடிவாதம்

1938இல் ரெனுவார் தன் தம்பி குளோத் உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். அடுத்தவர் சொல்லைக் கேட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்பதுதான் நோக்கம். அந்த வருடம் செப்டம்பரில்தான் மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் போர் தள்ளிப்போனதே என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ரெனுவாரால் அப்படி விட முடியவில்லை. எரிமலை வாயில் நின்று நடனமாடும் ஒரு சமூகத்தைப் படமாக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வடிவம் போர்க்கதை அல்ல, பிரசங்கமும் அல்ல. பழைய பிரெஞ்சு நாடக மேடையின் காதல் கேலிக்கூத்து. கணவன், மனைவி, கணவனின் காதலி, மனைவியின் காதலன், நடுவே தோழிப்பெண்ணும் வேலைக்காரர்களும். பதினெட்டாம் நூற்றாண்டு நாடகாசிரியர் பொமார்ஷேயின் நாடகத்திலிருந்து ஒரு மேற்கோளோடுதான் படமே தொடங்குகிறது.

கதை இதுதான். ஜூரியூ என்ற விமானி அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்து பாரீஸ் விமானத் தளத்தில் இறங்குகிறான். கூட்டம் ஆரவாரிக்கிறது, வானொலிக்காரர்கள் மைக்கை நீட்டுகிறார்கள். அவனோ, யாருக்காக இத்தனையும் செய்தேனோ அந்தப் பெண் வரவில்லையே என்று ஊர் உலகமெல்லாம் கேட்க மைக்கிலேயே புலம்பிவிடுகிறான். அந்தப் பெண் கிறிஸ்தீன், மார்க்கி என்ற உயர்குடிப் பட்டம் கொண்ட ரொபேரின் மனைவி. ரொபேருக்கு ஜெனவியேவ் என்று வேறொரு தொடர்பு உண்டு. எல்லோருக்கும் நண்பனான ஒக்தாவ் முயற்சியில், எல்லோரும் ரொபேரின் கிராமத்து மாளிகைக்கு வேட்டைக்கும் விருந்துக்கும் போய்ச் சேர்கிறார்கள். கீழ்த்தளத்தில் வேலைக்காரர்களிடையே அதே கதை இன்னொரு முறை நடக்கிறது: காட்டுக்காவலன் ஷூமாஷே, அவன் மனைவி லிசெத், அவளைச் சுற்றிவரும் திருட்டு வேட்டைக்காரன் மர்சோ. கடைசியில் ஆள்மாறாட்டத்தில் ஓர் உயிர் போகிறது. வெறும் விபத்து என்று சொல்லி எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள்.

படப்பிடிப்பு 1939 பிப்ரவரியில், பாரீஸுக்குத் தெற்கே சொலோஞ் பகுதியில் தொடங்கியது. மழை விடவில்லை. நடிகர்கள் விடுதியில் காத்திருக்க, ரெனுவார் வசனத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். உட்புறக் காட்சிகளை ஜுவான்வில் ஸ்டூடியோவில் அமைத்த அரங்குகளில் எடுத்தார்கள். 25 லட்சம் பிராங்கில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த செலவு 50 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை பிரான்சில் எடுத்த படங்களிலேயே இவ்வளவு செலவான படம் அரிது. சொந்த நிறுவனம் என்பதால் வந்த சுதந்திரம் ஒரு பக்கம். தோற்றால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை என்பது மறுபக்கம். இந்த இரண்டாவது விஷயம் பின்னால் முக்கியமாகப்போகிறது.

நடிகர் தேர்விலும் தன் விருப்பப்படிதான் நடந்துகொண்டார். கிறிஸ்தீனாக முதலில் நினைத்த நட்சத்திரம் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்துக்கு நோரா கிரிகோர் வந்தார். ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்ட பிறகு அகதியாக வந்த நடிகை, பிரெஞ்சு பேசினால் ஜெர்மானிய உச்சரிப்பு தட்டும். மார்க்கி வேடத்துக்கு மார்செல் தாலியோ, யூதர். அதுவரை துணைப் பாத்திரங்களில்தான் அவரை ரசிகர்கள் பார்த்திருந்தார்கள். ஒக்தாவாக நடிக்க வேண்டிய ரெனுவாரின் அண்ணன் பியேர் மேடை வேலையில் மாட்டிக்கொண்டதால், இயக்குநரே அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டார். பருத்த உடம்பு, தளர்ந்த நடை, எல்லோரிடமும் அன்பு, எதிலும் தீர்மானம் இல்லாத ஆள்.

திரையில் உண்மையில் என்ன இருக்கிறது

தீர்ப்புகளைப் பற்றிப் பேசும்முன் படத்தைப் பார்த்துவிட வேண்டும். மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வேட்டை. இந்தப் படத்தில் பெரும்பாலான ஷாட்கள் நீளமானவை. ஒளிப்பதிவாளர் ழான் பஷ்லேயும் ரெனுவாரும் அதற்கென்றே லென்ஸ்களைத் தேடி வாங்கினார்கள். முன்னால் நிற்பவரும் தெளிவு, பின்னால் நடைபாதைக் கோடியில் கதவைத் திறப்பவரும் தெளிவு. கேமரா மெதுவாகத் திரும்பும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே ஓடுவார். ஆனால் வேட்டைக்காட்சி வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. நாலு நிமிடத்துக்குள் ஐம்பது ஷாட்டுக்கு மேல். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மரங்களைக் கோலால் தட்டிக்கொண்டு வருகிறார்கள். முயல்கள் புதரிலிருந்து வெளியே தலைநீட்டி, தயங்கி, மறுபடி ஓடுகின்றன. துப்பாக்கிகள் வெடிக்கின்றன. கடைசியில் ஒரு முயல் உருண்டு விழுந்து, பின்னங்கால்களை நீட்டி, முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு அடங்குகிறது. இது நடிப்பு அல்ல, உண்மையில் செத்த முயல். முதல் முறை பார்த்தபோது இந்த இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்புப் படம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவனுக்கு அது ஏமாற்றுவேலை போலத் தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்து ஜூரியூ குண்டடிபட்டுச் சாகும்போது, அவன் விழுந்த விதத்தை வேலைக்காரன் ஒருவன் வேட்டையில் விழுந்த பிராணியோடு ஒப்பிட்டுச் சொல்வான். முயல் ஏன் அத்தனை நேரம் திரையில் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது சமையலறை. வேலைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எஜமானின் பூர்வீகத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர் பாட்டனார் வழியில் யூதர் என்று ஒருவன் குத்தலாகச் சொல்கிறான். சமையல்காரர் குறுக்கிட்டு உருளைக்கிழங்கு சாலட் கதையைச் சொல்கிறார். கிழங்கு கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்கும்போதே வெள்ளை ஒயினை ஊற்ற வேண்டும். கை சுடும் என்று உதவியாள் அதைச் செய்யாமல் விட்டுவிட்டான். மார்க்கி ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். அதுதான் பெரிய மனிதனுக்கு அடையாளம் என்கிறார் சமையல்காரர். ஒரு நிமிடப் பேச்சுதான். அதற்குள் இனவெறுப்பும் இருக்கிறது, வேலைத்திறன் மீதான மரியாதையும் இருக்கிறது, வர்க்க அடிமைத்தனமும் இருக்கிறது. எது சரி என்று படம் சொல்வதில்லை.

மூன்றாவது, ரொபேர் தன் புதிய இசை இயந்திரத்தை விருந்தினர்களுக்குத் திறந்து காட்டும் இடம். பெரிய, விளக்குகள் மினுங்கும், பொம்மைகள் மணியடிக்கும் திருவிழா ஆர்கன். பழைய இசைப்பெட்டிகளைச் சேகரிப்பது அவர் வாழ்க்கையின் ஒரே உண்மையான ஆசை. திரை விலகுகிறது, இசை தொடங்குகிறது. கேமரா பொம்மைகளைக் கடந்து ரொபேரின் முகத்தில் வந்து நிற்கிறது. வெட்கம், பெருமை, பயம், குழந்தைத்தனமான சந்தோஷம், “நன்றாக இருக்கிறது அல்லவா?” என்ற தவிப்பு எல்லாம் அந்த ஒரு முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. தான் எடுத்தவற்றிலேயே சிறந்த ஷாட்களில் ஒன்று என்று ரெனுவாரே இதைக் கருதினார். அதற்கு அடுத்த சில நிமிடங்களில் கீழே துப்பாக்கியோடு ஒருவன் துரத்துகிறான், விருந்தினர்களோ அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மூன்று இடங்களிலும் பொதுவாக ஒன்று உண்டு. பார்ப்பவர் யார் பக்கம் நிற்பது என்று தெரியாது. சிரிப்பதா, பதறுவதா என்றும் தெரியாது. ஜூரியூவைக் கதாநாயகனாக எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவன் சிறுபிள்ளைபோல் நடந்துகொள்கிறான். ரொபேரை வில்லனாக்கலாம் என்றால் அவரைப் பிடித்துத் தொலைக்கிறது. இந்த உலகத்தில் பயங்கரமான விஷயம், எல்லோருக்கும் அவரவர் காரணம் இருப்பதுதான் என்று ஒக்தாவ் ஓரிடத்தில் சொல்கிறான். இந்த வசனத்தை எடுத்தாளுபவர்கள் “எல்லோருக்கும் ஒரு காரணம் உண்டு” என்ற பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கனிவான வாக்கியமாக மாற்றிவிடுகிறார்கள். ‘பயங்கரமான’ என்ற சொல்லை விட்டுவிட்டால் படமே கையை விட்டு நழுவிவிடும்.

113, 94, 85

இப்போது கணக்குக்கு வருவோம். எடிட்டர் மார்கரீத்தோடு உட்கார்ந்து ரெனுவார் முடித்த முதல் வடிவம் 113 நிமிடம். விநியோகத் தரப்புக்கு நீளமும் பிடிக்கவில்லை, ரெனுவாரின் நடிப்பும் பிடிக்கவில்லை. வெளியீட்டுக்கு முன்பே 94 நிமிடமாகக் குறைத்தார்கள். ஜூன் கடைசியில் நடந்த முன்னோட்டக் காட்சியிலும் வரவேற்பு மோசம். ஜூலை 7 அன்று கொலிசேயில் ஓடியது இந்த வெட்டுப்பட்ட வடிவம்தான். பிரெஞ்சுப் பேரரசின் பெருமை பேசும் ஆவணப்படம் ஒன்றை முன்னால் ஓட்டிவிட்டு, அதன் பின்னால் இதைப் போட்டார்கள். அதற்கு முன்பே வலதுசாரி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கத் தயாராக வந்திருந்தார்கள்.

அதன் பிறகு ரெனுவார் செய்ததைத்தான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைக்கிறேன். அவர் அரங்கில் போய் உட்கார்ந்தார். காட்சிக்குக் காட்சி ஜனங்களின் வெறுப்பை நேரில் உணர்ந்தார். படத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தார். முதலில் வெட்டியது தான் நடித்த காட்சிகளைத்தான். அந்த அவமானத்துக்குப் பிறகு திரையில் தன் முகத்தைக் காட்டவே வெட்கப்பட்டதுபோல, என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். படம் 85 நிமிடத்துக்கு வந்து நின்றது. கூச்சல் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒக்தாவ் மேலே சொன்ன ஜோடிகள் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பவன். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அவன்தான் பாலம். கிறிஸ்தீனின் தந்தை ஒரு பெரிய இசை நடத்துநர், அவரிடம் சீடனாக இருந்தவன் அவன். குருவின் மகள் மீது வெளியே சொல்லாத அன்பு வைத்திருப்பவன். கடைசியில் அவனே அவளோடு போய்விடலாம் என்று முடிவெடுத்து, தன் மேல்கோட்டை எடுக்க உள்ளே வருகிறான். லிசெத் பேசித் தடுக்கிறாள்: உனக்கு வயதாகிவிட்டது, பணமும் இல்லை, அவளை எப்படிக் காப்பாற்றுவாய்? கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். கோட்டை ஜூரியூவிடம் கொடுத்து அவனை அனுப்புகிறான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஷூமாஷே சுடுகிறான். ஆக ஜூரியூவின் சாவு ஒக்தாவின் தாராள மனசால் நடக்கிறது. நல்லெண்ணமே கொலைக்கருவி ஆகிறது. ஒக்தாவின் காட்சிகளை எடுக்க எடுக்க இந்தப் பின்னல் அவிழ்ந்துகொண்டே போகும். மிஞ்சுவது யாரோ யாரையோ துரத்துகிற, கடைசியில் காரணமில்லாமல் ஒருவன் செத்துப்போகிற குழப்பம். அதைப் பார்த்தவர்களுக்கு எரிச்சல் வந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படம் எடுப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் சிக்கல் இது. முன்னோட்டக் காட்சிகளும், பார்த்தவர்களிடம் வாங்கும் கருத்துச் சீட்டுகளும் இன்று முறையான தொழிலாகவே ஆகிவிட்டன. அவற்றால் பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன். எந்த இடத்தில் ஜனங்கள் நெளிந்தார்கள் என்பதை அரங்கு மிகச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். ஏன் நெளிந்தார்கள் என்பதை அது காட்டாது. வலிக்கிற இடமும் நோய் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒக்தாவ் வரும்போது கத்தினார்கள் என்றால், ஒக்தாவ் அதிகம் என்று பொருளா, அல்லது ஏற்கெனவே 19 நிமிடம் வெட்டியதில் ஒக்தாவ் யார் என்றே புரியாமல் போய்விட்டதா? சூடுபட்ட மனநிலையில் இருக்கும் ஓர் இயக்குநர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள முடியாது. பணமும் தன்னுடையது, முகமும் தன்னுடையது என்றால் கேட்கவே முடியாது. சுதந்திரத்துக்காகத் தொடங்கிய சொந்த நிறுவனம், வெட்டாதே என்று தடுக்க ஓர் ஆள்கூட இல்லாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது.

கத்தியவர்கள் எதைப் பார்த்துக் கத்தினார்கள்?

விமர்சகர்கள் தூக்கிப்பிடித்தார்கள், ஜனங்கள் வெறுத்தார்கள் என்பதும் சரியல்ல. 1939 விமர்சனங்களில் பாராட்டும் உண்டு, வசையும் உண்டு, குழப்பமும் உண்டு. தாலியோவையும் நோரா கிரிகோரையும் வைத்து இனவெறுப்பைக் கக்கியவர்களும் உண்டு. பிரெஞ்சு உயர்குடி வீட்டின் தலைவனாக ஒரு யூதன், தலைவியாக ஓர் ஆஸ்திரியப் பெண்! போர் வரும் என்று பயந்துகொண்டிருந்த கோடையில் சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தாலியோ பிற்பாடு நாட்டை விட்டே தப்பி ஓட வேண்டி வந்தது. அவருடைய முகத்தை ‘யூதனை அடையாளம் காண்பது எப்படி’ என்று காட்டும் சுவரொட்டியில் ஜெர்மன் ஆக்கிரமிப்பாளர்கள் ஒட்டினார்கள். ஆகவே கொலிசேயில் கேட்ட விசிலில் ஒரு பங்கு படத்தைப் பற்றியதே அல்ல.

ஆனால் முழுக்க அவர்கள் மேல் பழிபோட்டுவிடவும் எனக்கு மனமில்லை. காசு கொடுத்து வந்த சாதாரணப் பார்வையாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரெனுவாரின் போர்க்கைதிகள் படத்தில் எதிரிகள்கூட ஒருவரையொருவர் மதிப்பதைப் பார்த்து நெகிழ்ந்தவர். வீட்டில் மகனுக்கு ராணுவ அழைப்பு எந்த நேரமும் வரலாம். படத்துக்கு முன்னால் பேரரசின் பெருமையைக் காட்டுகிறார்கள். பிறகு திரையில் தன் நாட்டின் மேல்தட்டு பொய் சொல்கிறது, ஆடுகிறது, முயல்களைச் சுடுகிறது, கொலையை விபத்து என்று மாற்றி எழுதிவிட்டு நாகரிகமாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது. பிணம் கிடக்கும் இரவில் படிக்கட்டில் நின்று ரொபேர் அழகாக வருத்தம் தெரிவிக்கிறார், வயதான ஜெனரல் அந்தப் பண்பை மெச்சுகிறார். இதைப் பார்த்தவருக்குக் கோபம் வந்தது என்றால் படம் அவரைத் தொட்டுவிட்டது என்றுதானே பொருள்? ஜனங்கள் படத்தில் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் ரெனுவார் பிற்காலத்தில் கொடுத்த விளக்கமும். மனச்சோர்வூட்டுவது, நோய்த்தன்மை கொண்டது, ஒழுக்கக்கேடானது என்று தடையுத்தரவு சொன்னதும் ஒருவகையில் கவனமான வாசிப்புத்தான். அந்த அதிகாரிகள் படத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொண்டதால்தான் தடுத்தார்கள்.

படம் வெளியாகி எட்டே வாரத்தில் போர் மூண்டது. அடுத்த கோடையில் பாரீஸ் வீழ்ந்தது.

பெட்டிகள்

1942இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில், படத்தின் மூல நெகட்டிவ் இருந்த ஃபிலிம் லேப் அழிந்தது. ரெனுவார் அதற்குள் அமெரிக்கா போய்விட்டார். போர் முடிந்தபோது கைவசம் இருந்தவை வெட்டுப்பட்ட குறும்பிரதிகள் மட்டும். திரைப்படக் கழகங்களில் அவற்றை ஓட்டினார்கள். விமர்சகர் ஆந்த்ரே பஸானும், அவரைச் சுற்றியிருந்து பின்னால் இயக்குநர்களான இளைஞர்களும் இந்தப் படத்தைத் தேடித் தேடிப் பார்த்தார்கள், எழுதினார்கள், வாதாடினார்கள்.

1950களின் நடுவில் ழான் கபொரி, ழாக் துரான் என்ற இரண்டு ஆர்வலர்கள் படத்தின் உரிமையை வாங்கி, அழிந்த லேபிலிருந்து தப்பிய மிச்சங்களைத் தேடிப் புறப்பட்டார்கள். 224 பெட்டிகள் கிடைத்தன. நெகட்டிவ் துண்டுகள், பாசிட்டிவ் பிரதிகள், ஒலிப்பதிவுகள், எந்தக் காட்சி என்றே தெரியாத சுருள்கள். இப்படியொரு குவியலோடு உட்காருவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு ஷாட்டின் படம் ஒரு பெட்டியில் கிடைக்கும், அதன் ஒலி இன்னொரு பெட்டியில் இருக்கும். அல்லது இல்லாமலே போயிருக்கும். ஒரே ஷாட் மூன்று தரத்தில் கிடைத்தால் எதை எடுப்பது? வசன வரிசை எது? பதில் தெரிந்த ஒரே ஆள் ரெனுவார்தான். அவரிடம் கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ இரண்டு வருடம் உழைத்து, 106 நிமிடத்துக்குப் படத்தை மீட்டெடுத்தார்கள். 1959இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. அந்த மீட்புப் பிரதியை ரெனுவார், அதற்கு முந்தைய வருடம் நாற்பது வயதில் இறந்துபோன பஸானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 106 நிமிடப் பிரதி, கொலிசேயில் முதல் நாள் ஓடிய பிரதியைவிட நீளமானது. அதாவது இன்று நாம் கொண்டாடும் படத்தை 1939இன் பார்வையாளர்கள் யாருமே பார்க்கவில்லை. அவர்கள் விசிலடித்தது வேறொரு பொருளுக்கு. “ஒரே படம், இரண்டு தீர்ப்பு” என்று சொல்வதே அடிப்படையில் தவறு.

சரி, அப்படியானால் எல்லாம் வெட்டின் குற்றம், முழுப்படம் கிடைத்ததும் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். அந்த முடிவை உடைப்பது ஒரு சின்னத் தகவல். சைட் அண்ட் சவுண்ட் வாக்கெடுப்பு முதன்முதலில் நடந்தது 1952இல். மீட்டெடுக்கும் வேலை தொடங்கவே இல்லாத காலம் அது. அந்த முதல் பட்டியலிலேயே, வேறு இரண்டு படங்களோடு சேர்ந்து, பத்தாவது இடத்தில் இந்தப் படம் இருக்கிறது. காயம்பட்ட, சிதைந்த, ஒக்தாவ் பாதி காணாமல்போன பிரதிகளைப் பார்த்தவர்களே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். 1939இல் எரிச்சலூட்டிய அதே குறை, 1952இல் தடையாக இல்லை. நடுவில் மாறியது படம் அல்ல. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த அந்த மாளிகை என்ன ஆனது என்று இப்போது பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு பார்க்கும்போது, சிரிப்பும் பதற்றமும் ஏன் ஒன்றாகக் கலந்து வருகின்றன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக இரண்டு காரணங்களும் வேலை செய்திருக்கின்றன. முழுமையான பிரதி வந்ததும் 1962இல் மூன்றாம் இடம், பிறகு முப்பது வருடம் இரண்டாம் இடம். வரலாறு படத்தைப் புரியவைத்தது. மீட்டெடுத்த 21 நிமிடம் அதை நேசிக்கவைத்தது. இது என் கணிப்பு. ஒக்தாவின் கண்ணாடிக் காட்சி இல்லாமல் நான் இந்தப் படத்தை மதித்திருப்பேனே தவிர, திரும்பத் திரும்பப் பார்த்திருக்கமாட்டேன்.

பட்டியல் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2002இல் மூன்று, 2012இல் நான்கு, 2022இல் பதின்மூன்று. கடைசி வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையும் பெருகியது, எந்தெந்த நாட்டினர், எந்தெந்தத் தலைமுறையினர் என்பதும் விரிந்தது. பெண் இயக்குநர் ஒருவரின் படம் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது. ரெனுவார் படம் இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருடம் இரண்டாம் இடத்தில் அசையாமல் இருந்ததுதான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய விஷயம். பாடத்திட்டத்தில் ஏறிவிட்ட படத்துக்குப் பார்க்காமலே மார்க் போட்டுவிடும் பழக்கம் விமர்சகர்களிடமும் உண்டு. கொலிசேயில் கத்தியவர்களாவது படத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினார்கள்.

கிடைக்காத பெட்டிகள்

இதே காலத்தில் இன்னொரு படத்துக்கு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 1942 மார்ச்சில் ஆர்சன் வெல்ஸின் இரண்டாவது படம், ‘த மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’, கலிபோர்னியாவின் பொமோனாவில் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டது. அரங்கில் சிரித்தார்கள், கருத்துச் சீட்டுகள் பெரும்பாலும் மோசமாக வந்தன. வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறு படப்பிடிப்பில் இருந்தார். ஸ்டூடியோ நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி, முடிவையும் புதிதாக எடுத்து ஒட்டி, 88 நிமிடமாக வெளியிட்டது. வெட்டிய நெகட்டிவை அழித்தும்விட்டது. அங்கே யாருக்கும் 224 பெட்டிகள் கிடைக்கவில்லை. அந்த அரங்கு சொன்னது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூட இனி வழியில்லை.

ரெனுவார் வெட்டியபோது துண்டுகள் எங்கோ ஒரு லேபில் கிடந்தன. அதுதான் இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வித்தியாசம். திறமையோ ரசனையோ நீதியோ அல்ல, வெறும் பெட்டிகள்.

‘ஆட்டத்தின் விதி’யிலும் எல்லாம் திரும்பிவிடவில்லை. 113 நிமிட வடிவத்தில் இருந்து, 1959 பிரதியில் இல்லாத ஒரு சின்னக் காட்சி உண்டு. ஒக்தாவும் ஜூரியூவும் பேசிக்கொள்கிறார்கள். வேலைக்காரப் பெண்கள் மீது ஒக்தாவுக்கு இருக்கும் ஆசையைப் பற்றிய பேச்சு. கதைக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. ஆனால் ஒருவன் கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொருவன் சாகப்போகும் படத்தில், அந்த இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசுகிற காட்சி அது. அந்தச் சுருள் எந்தப் பெட்டியிலும் இல்லை.